தோல் பதனிடும் சீமோனின் வீடு



அரசர்கள் முதல் நூலின் 10ஆம் அதிகாரத்தில் கப்பல் சரக்கு இறங்குகிற செய்தி ஒன்று வருகிறது. துறைமுகத்து ஊரில் வாழும் நமக்கு அது அன்றாடக் காட்சிதான். ஈராமின் கப்பல்கள் ஓபீரிலிருந்து பொன்னோடும் விலையுயர்ந்த கற்களோடும் அரிய மரங்களையும் கொண்டுவருகின்றன. அந்த மரத்தைச் சாலமோன் ஆண்டவரின் இல்லத்துக்கும் அரண்மனைக்கும் பயன்படுத்தினார். பாடகர்களுக்கு யாழும் சுரமண்டலமும் செய்யவும் அதையே கொடுத்தார். அப்படிப்பட்ட மரம் பிறகு வந்ததே இல்லையாம். கோவிலுக்கு எந்த மரமோ, பாடுகிறவர் கையிலுள்ள கருவிக்கும் அதே மரம். வெட்டிக் கழித்த துண்டையா கொடுத்தார்? இல்லை.

நம் பங்கில் வில்லுப்பாட்டுப் பாடும் அண்ணாவிக்குத் திருவிழாவுக்குள் புது வில் செய்து கொடுப்பதாக முடிவெடுத்திருக்கிறோம். "கீபோர்டு வாங்கினால் பூசைக்கும் உதவுமே சாமி" என்று சிலர் கேட்டீர்கள். அக்கறையோடுதான் கேட்டீர்கள். ஆனாலும் வில்தான் வேண்டும் என்கிறேன்.

தூத்துக்குடி, நெல்லை, குமரிச் சீமையில் சுடலைமாடன் கொடையிலும் முத்தாரம்மன் கொடையிலும் விடிய விடியக் கேட்ட ஓசை அது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வாழ்நாளெல்லாம் வில்லோடு இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே வில்லில் விவிலியக் கதைகளையும் நம் மக்கள் பாடியிருக்கிறார்கள். 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழிலேதான் செபம் சொல்லிக்கொடுத்தார். அந்தந்த மக்களின் இசைமரபை மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் சொன்னது.

வில் செய்வது லேசான வேலை இல்லை. மற்ற மரங்களுக்கு வயிரம் நடுவில், பனைக்கோ வெளிப்புறத்தில். உள்ளே சோறுதான். இளம்பனை உதவாது. நன்றாக முற்றிய பனையில் கறுத்து இறுகிய புறப்பகுதியைப் பிளந்தெடுத்து, சிராய் ஒன்றுகூட நிற்காதபடி இழைக்க வேண்டும். பனஞ்சிராய் கையில் ஏறினால் என்ன பாடு என்று தேரிக்காட்டுப் பக்கத்தார் சொல்வார்கள். நடு கனத்து, இரண்டு முனையும் மெலிய வேண்டும்; இரு பக்கமும் ஒன்றுபோல வளைய வேண்டும். ஆசாரி நாணைப் பூட்டிப் பார்க்கிறார், கழற்றுகிறார், மறுபடி இழைக்கிறார். அண்ணாவி சம்மணமிட்டு உட்காரும் உயரத்தையும், வீசுகோல் பிடித்த கை எட்டும் தூரத்தையும் பார்த்துத்தான் அளவே எடுத்தார். வீசுகோல் நாணில் விழும்போது வெண்கல மணிகள் குலுங்கி எழும்பும் ஓசை அவர் குரலுக்கு ஒத்துவர வேண்டும்.

அந்த நாணைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். மாட்டுத்தோலை வாராக அறுத்து முறுக்கிய நாண் அது. நம் கடற்காற்றில் ஈரம் ஏறித் தளரும், வெயிலில் இறுகும். தோல் சரியாகப் பதப்படாவிட்டால் பாட்டு பாதியில் நிற்கும். அந்தத் தோலைப் பதப்படுத்தியவரை நமக்குத் தெரியுமா? தெரிந்தாலும் நம் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொல்வோமா?

முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. ஆனாலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: கடலுக்குள் மூழ்குகிறவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்திருப்பவர் கையில். அதனால்தான் மைத்துனரைக் கயிறு பிடிக்கச் சொல்வார்கள். மேடையில் பாடுகிற அண்ணாவிக்கும் அப்படிக் கயிறு பிடிக்கிறவர்கள் ஆசாரியும், வில்லுக்கான குடத்தை வனைகிற வேளாரும், தோல் வேலை செய்கிறவரும். நாமோ அவர்களை மேடைக்குக் கீழே நிற்க வைக்கிறோம். வடக்கன்குளத்தில் சாதி பார்த்துப் பிரித்து உட்கார வைத்துக் கோவில் கட்டிய வரலாறு நமக்கு உண்டு. அதை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலைத் திறந்து பாருங்கள். பேதுரு யோப்பாவில் பல நாள் தங்குகிறார். அதுவும் துறைமுகம்தான். யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த விலங்கைத் தொடுகிற தொழில் என்று யூதர்கள் ஒதுக்கிவைத்த தொழில் அது. பிற இனத்தவரான கொர்னேலியுவுக்குத் தோன்றிய வானதூதர், கடலோரத்தில் இருந்த அந்த வீட்டைத்தான் அடையாளம் சொல்லி ஆள் அனுப்பச் சொன்னார். பிற இனத்தாருக்கும் மீட்பு உண்டு என்று பேதுருவுக்கு உணர்த்திய காட்சி வந்தது அந்தக் கூரையின் மேல் செபித்துக்கொண்டிருந்தபோதுதான்.

ஆகவே பங்குப்பேரவையாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வேலைக்கூலியில் பேரம் பேசாதீர்கள். திருவிழாக் கணக்கு வாசிக்கும்போது இவர்களுக்குப் பாக்கி என்று ஒரு வரிகூட இருக்கக் கூடாது. வில்லை மந்திரிக்கும்போது அதற்காக உழைத்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு பீடத்தருகே நிற்க வேண்டும். அசனத்தில் முதல் பந்தி அவர்களுக்கு. நானும் அந்தப் பந்தியில்தான் உட்காருவேன். என்னோடு வருகிறவர்கள் வாருங்கள்.