செம்பில் இருந்த களிம்பு

உயிரைப் பற்றியுள்ள மாசு தொன்றுதொட்டே உடனிருப்பதா, இடையில் வந்து ஒட்டியதா என்னும் வினா தமிழ்ச் சைவ மெய்யியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தை விளக்குமிடத்தில் நெல்லில் உள்ள உமியையும் செம்பில் உள்ள களிம்பையும் உவமையாகக் காட்டி, உயிரின் அறிவை மறைத்துச் சிறுமைப்படுத்தும் ஆணவம் என்னும் மூலமலம் புதிதாக வந்ததன்று, உயிர் உள்ளபோதே உள்ளது என்று நிறுவினார். இவ்வாறு உடனாய் நிற்பதைச் சகசம் என்றும், பின்னர் வந்து கூடுவதை ஆகந்துகம் என்றும் நூலோர் வழங்குவர். ஐக்கியவாத சைவரோ, மாயையும் வினையுமே உயிரின் கட்டுக்குப் போதிய காரணங்கள், ஆணவம் என்று தனியே ஒன்றைக் கொள்ள வேண்டுவதில்லை என்றனர். இவ்விரு கொள்கைகளுக்கும் இடையிலான வழக்கில் களிம்பு உவமை எவ்வளவு தூரம் துணைவரும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

மெய்கண்டார் காலத்தில் செம்பு என்றால் நினைவுக்கு வந்தது பாத்திரம். இன்றோ செம்பு பெரும்பாலும் மின்கம்பியின் உறைக்குள் ஒளிந்திருக்கிறது. 1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும் அசோக் லேலண்டின் சரக்கு வாகனங்களும் உருவாகத் தொடங்கிய ஓசூரிலும், 2021 முதல் மின்சார இருசக்கர வண்டிகளைச் செய்யும் போச்சம்பள்ளியிலும் செம்புக் கம்பியின்றி ஒரு நாளும் ஓடாது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் கர்நாடகம் என்னும் நிலையிலுள்ள இப்பகுதியின் பட்டறையொன்றுக்கு அரை நூற்றாண்டு கண்ட விளையாட்டுக் கார் ஒன்று, சான்றாக 1962இல் பிரிட்டனில் அறிமுகமான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், வந்து நிற்பதாகக் கொள்ளலாம். அது இம்மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ஹெரால்டு காரின் சட்டத்தைக் குறுக்கிச் செய்யப்பட்டது, அந்த ஹெரால்டோ 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. அக்காலப் பிரித்தானிய வண்டிகளின் மின்சாதனங்களைப் பெரும்பாலும் வழங்கிய லூக்காஸ் நிறுவனமும் அதே 1961இல் டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டாகச் சென்னையில் லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்தது.

இத்தகைய வண்டியில் முன்விளக்கு மங்கி எரிகிறது, பழுது எங்கே என்று தேடும்போது வயரிங் வேலை செய்பவர் கையாளும் நெறி, அருள்நந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரின் தொடக்கத்தில் வகுத்த அளவை இயலை அப்படியே நினைவூட்டுவது. அளவை என்பது உண்மையை அறியும் கருவி. பிறர் கூறும் பத்து அளவைகளையும் அவர் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறார். வண்டியின் வயரிங் வரைபடம் உரையளவை, அதாவது அறிந்தோர் வாய்மொழி. பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்புக் கம்பி, சாவி திருப்பியபின் உயிர்பெறுவது வெள்ளை, அதிலிருந்து ஃபியூஸ் வழியே செல்வது பச்சை, எர்த் கறுப்பு என்று அது விதிக்கும். ஆனால் வெப்பத்தில் வெந்த உறைகளில் நிறங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மண்நிறமாகிவிடுவதாலும், இடைக்காலத்தில் கைவைத்தோர் கைக்குக் கிடைத்த நிறத்தில் கம்பி ஒட்டியிருப்பதாலும், உரையை ஏனைய இரண்டோடும் பொருத்திப் பார்க்காமல் மேற்செல்ல இயலாது.

காண்டலும் தன்னளவில் போதாது. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாகும் என்பது நூல் விதி. இருபத்தெட்டு மெல்லிழைகளை முறுக்கிய ஒரு கம்பியில் இருபத்தைந்து இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்து, மூன்று மட்டும் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். விளக்கைக் கழற்றிவிட்டு அக்கம்பியில் மல்டிமீட்டரை வைத்தால் அது முழுப் பன்னிரண்டு வோல்ட்டையும் காட்டும். தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்தாலோ நன்றாகவே கூவும். கருவி பொய் சொல்லவில்லை, ஆயினும் காட்சி திரிபுடையது. ஏனெனில் சுமையற்ற கம்பியில் மின்னோட்டம் இல்லை, மின்னோட்டம் இல்லாதபோது தடை இருப்பது வெளிப்படுவதில்லை. விளக்கை எரியவிட்டு, கம்பியின் இரு முனைகளிலும் மீட்டரின் முனைகளை வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். 55 வாட் விளக்குகள் இரண்டும் எரியும் வழியில் 0.2 ஓம் அளவே தடை சேர்ந்திருந்தாலும், ஏறத்தாழ 8 ஆம்பியர் ஓட்டத்தில் 1.6 வோல்ட் இடையிலேயே தொலையும், விளக்குகளின் திறனில் கால்பங்கு போகும், அந்த ஓரிடத்தில் மட்டும் 12 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் ஓயாமல் பிறக்கும். உறை இளகிக் கருகுவது இவ்வாறே. ஒளியின் குறையைக் கொண்டு மின்னழுத்தத்தின் குறையை உய்த்தறிவது சித்தியார் கூறும் அனுபலத்தி ஏது, அதாவது ஒன்றின் இன்மையால் மற்றொன்றின் இன்மையை அறிதல். கருகலைக் கொண்டு வெப்பத்தை அறிவது காரிய ஏது. இரண்டும் கருதலின் பாற்பட்டவை.

உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயன், புற இருளினும் ஆணவம் கொடிது என்று கூறும் காரணம் இங்கு ஒளிபெறுகிறது. புற இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையேனும் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். எரியாத விளக்கு தன் குறையைத் தானே அறிவித்துவிடும். உறைக்குள் அரித்த கம்பி, சுமை வரும்வரை நல்ல கம்பியாகவே ஒழுகும். கருகிய இடம் குற்றத்தின் இடமாகவும் இருக்க வேண்டியதில்லை. எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை அரித்துவிட்டால், ஸ்டார்ட்டருக்குரிய பேரளவு மின்னோட்டம் சோக் கேபிள் போன்ற மெல்லிய உலோகக் கயிற்றின் வழியே திரும்ப முயன்று அதனைச் சுட்டெரிக்கும். எரிந்த கேபிளை மாற்றிவிட்டுப் பட்டையைப் பாராமல் விட்டவர் நோயின் விளைவைத்தான் தீர்த்தார்.

இனி முதல் வினாவுக்குத் திரும்பலாம். களிம்பு வெளியிலிருந்து வருவது என்று கூறத் தக்க காரணங்கள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் குளிர்ந்த விடியற்காலையில் தகரக் கூரையின்கீழ் நிற்கும் வண்டியின் உலோகத்தில் ஈரம் படிகிறது, பேட்டரியின் கந்தக அமிலப் புகை அருகிலுள்ள முனைகளைத் தின்கிறது. ஈரமும் காற்றும் அமிலமும் இல்லாவிட்டால் செம்பு செம்பாகவே இருக்கும். ஐக்கியவாதி இதனைத் தன் கட்சிக்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால் உலோகவியல் மற்றொன்றையும் கூறுகிறது. மண்ணிலிருந்து தோண்டப்படும் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடும் ஆக்சிஜனோடும் கூடிய கனிமமாகவே கிடைக்கிறது. மலக்கைட் என்னும் பச்சைத் தாது வேதியியலில் களிம்புக்கு நெருங்கிய உறவு. உலையில் பெருவெப்பத்தைச் செலவிட்டே செம்பு அவற்றினின்று பிரிக்கப்படுகிறது, அரிப்பு என்பது அது தன் பழைய கூட்டுக்குத் திரும்பும் வழி. ஈரம் வாயிலைத் திறந்துவிடும் துணைக்காரணம் மட்டுமே. களிம்பாகும் இயல்பு செம்பினுடையது. ஆகவே பளபளக்கும் கம்பியில் உண்மையில் வந்தேறியது தூய்மைதான் என்று கொண்டால், சகசம் என்னும் சொல்லின் ஆழம் முன்னினும் நன்கு புலப்படும்.

களிம்பைப் போக்கும் முறையிலும் சைவ சித்தாந்தத்தின் ஒரு கருத்து உறைந்துள்ளது. வண்ணான் துணியின் அழுக்கை உவர்மண் என்னும் மற்றோர் அழுக்கால் கழுவுவதுபோல, இறைவன் ஆணவத்தை மாயையின் காரியங்களாகிய உடல், உலகங்களைக் கொண்டே கழுவுகிறான் என்பர். செம்புக்குடத்தைப் புளியிட்டுத் தேய்ப்பவரும், கம்பி முனையை அமிலமிட்டுத் துலக்குபவரும் அரிக்கும் பொருளால் அரிப்பைக் கழுவுகின்றனர். ஆனால் அந்த அமிலத்தை உடனே நீரால் நீக்கி உலர்த்தாவிடில் அதுவே அடுத்த அரிப்புக்கு வித்தாகும். உறைக்குள் நெடுந்தூரம் கருமை ஏறியிருந்தால் கழுவுதலும் பயன்படாது, பளிச்சென்ற செம்பு தென்படும்வரை வெட்டிச் சென்று புதுக் கம்பி இணைக்க வேண்டும்.

முத்தியைச் சொல்ல, இரசகுளிகை பட்ட செம்பு களிம்பு நீங்கிப் பொன்னாதல் என்னும் உவமையும் சைவ மரபில் வழங்குகிறது. ஆயினும் மலம் அழிவதில்லை, அதன் சத்தி மட்டும் அடங்குகிறது என்பதே சித்தாந்தத்தின் துணிபு. அதற்கு இரசவாதத்தைவிட ஈயம் பூசுதல் நெருங்கி வருகிறது. ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய கம்பியில் செம்பு செம்பாகவே இருக்கிறது, களிம்பாகும் இயல்பும் அதனுள் இருக்கிறது, ஈரம் தீண்டாமையால் அவ்வியல்பு தொழிற்படுவதில்லை. ஆனால் பூச்சு தேயும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோன் மறுபடி வரவேண்டும். திருவருளோ தேய்வதில்லை என்கிறது சித்தாந்தம். செம்பு இவ்வுவமைக்குத் துணைவருவது அந்த எல்லை வரைதான்.