கசிவின் மூலம்

பிழை வெளிப்படும் இடமே பிழை பிறந்த இடமாகுமா? பிறரைத் திருத்த முற்படும் எவரும் முதலில் விடை காண வேண்டிய வினா இது. ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் கழித்தும், இவ்வினாவின் பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அல்ல; கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில்தான்.

என் பழைய கார் நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டியது. என்ஜின் மேல்மூடியின் கேஸ்கெட்டும், கிராங்க் தண்டின் பின்புறச் சீலும் கெட்டுவிட்டன என்றார் பழுதுபார்ப்பவர். அந்தச் சீல் உள்ளங்கையில் அடங்கும் வளையம். பால்மரத்து ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்துவிடுமாதலால் செயற்கை ரப்பரால் ஆனது. ஆயினும், அதனை மாற்றக் கியர்ப்பெட்டியையே கழற்றியாக வேண்டும். பொருளின் விலையைவிடக் கூலியே பன்மடங்கு. கொடுத்தேன். மூன்று திங்களில் மீண்டும் கசிந்தது. போலிச் சரக்கு என்று சீலைப் பழித்தேன், பூட்டியவரையும் பழித்தேன்.

பின்னர் முதியவர் ஒருவரிடம் காரைக் கொண்டு சென்றேன். அவர் குனிந்து கசிவைப் பார்க்கவில்லை. என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்தார். "வாத்தியாரே, இங்கே கையை வைத்துப் பாருங்கள்" என்றார். உள்ளிருந்து எழுந்த காற்று என் கையைத் தள்ளியது.

எரிபொருள் எரிகையில் எழும் வாயுவில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழறைக்குள் இறங்குவது என்ஜினுக்கு இயல்பு. அது வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. முன்பு வெளிக்காற்றில் கலந்த அவ்வாயுவை, 1960களுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் மீண்டும் என்ஜினுக்குள் செலுத்தி எரிக்கின்றனர். அக்குழாய் கசடு படிந்து அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும்; தடுப்பு எங்கு மெலிந்துள்ளதோ அங்கே எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். நிமிடத்திற்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழலும் தண்டை ஒரு மெல்லிய விளிம்பால் அணைத்து நிற்கும் சீல் என்ன செய்யும்? கசிவு வெளிப்பட்டது சீலில், பிறந்தது மூச்சுக்குழாயில்.

அப்போது என் நினைவில் வந்து நின்றான், ஐந்தாம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன். எதற்கெடுத்தாலும் சீறுவான். அருகிலிருந்தவனின் புத்தகத்தைக் கிழித்தான். இருமுறை இடம் மாற்றி அமர்த்தினேன். வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். ஏன் என்று ஒரு நாளும் வினவவில்லை. அவன் தாய் நெடுநாள் மருத்துவமனையில் கிடந்ததை, அவன் வேறோர் ஊர்ப் பள்ளிக்குச் சென்ற பிறகே அறிந்தேன். அவனுள் ஏறிய அழுத்தத்திற்கு வெளியேறும் வழி இல்லை. நானோ சீலை மாற்றிக்கொண்டிருந்தேன். நோயைக் கண்டதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியவனும் நானே.

அங்ஙனமாயின், காரணம் தெரிந்ததும் குற்றம் குற்றமல்லாது போய்விடுமா? புத்தகத்தைக் கிழித்தது சரியாகிவிடுமா? ஆகாது. முதியவரும் குழாயைத் துப்புரவு செய்ததோடு நிற்கவில்லை. விளிம்பு சிதைந்த சீல், அழுத்தம் நீங்கினாலும் தானே சீராகாது என்று கூறிப் புதியதைப் பூட்டினார். காரணத்தை நாடுவது கண்டிப்பைக் கைவிடுவதாகாது. கண்டிப்புப் பயன்தர வேண்டுமாயின் அதற்கு முன் செய்தாக வேண்டிய கடமை அது. காரணத்தை நீக்காத கண்டிப்பு மூன்று திங்கள் நிற்கும். கண்டிக்காத இரக்கமோ கசிவை அப்படியே விட்டுவிடும்.

கூலியைப் பெற்றுக்கொண்டபின் அவர் கேட்ட கேள்விதான் இன்றும் என்னைச் சுடுகிறது. "எண்ணெயை உரிய காலத்தில் மாற்றி வந்தீர்களா?"

மாற்றவில்லை. பலமுறை தள்ளிப்போட்டிருந்தேன். பழைய எண்ணெயின் கசடே குழாயை அடைத்திருந்தது. சீலையும் பூட்டியவரையும் பழித்த எனக்கு, அப்பழியில் என் பங்கும் உண்டென்பது அதுவரை தோன்றவே இல்லை. ஒரு மாணவனைத் தண்டிக்க எழுமுன் ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதுதான்: அவனுடைய வழி அடைபட்டதில் என் பங்கு எவ்வளவு?