பனையும் பொறுமையும்

பொறுத்தல் எக்காலத்தும் அறமாகுமா? மானிப்பாய்ப் பனங்காணிகளிடையே நடப்போர்க்கு இவ்வினா எழுதல் இயல்பே. கார்த்திகைப் புயலிலே வாழையும் முருங்கையும் முறிந்து வீழ, பனை நிலைத்து நிற்பதை அவர் கண்டிருப்பர். அதனாலேயே துன்புறும் மனிதனுக்குப் பனையைக் காட்டி, ‘நீயும் அவ்வாறே நில்’ என்கின்றோம். அவ்வுவமை எத்துணை பொருந்தும் என ஆராய்வோம்.

பனையின் அடியிலிருந்து எண்ணிறந்த நார்வேர்கள் எப்பக்கமும் பரந்து மண்ணைப் பற்றுகின்றன. கிளைகள் இன்மையால் காற்றுக்கு அகப்படும் பரப்புக் குறைவு. தண்டின் வெளிப்புறம் வைரம் பாய்ந்தது, உட்புறம் மென்மையானது. ஆயினும் அதற்கு உயிர்நிலை ஒன்றே. உச்சிக் குருத்து அழியின் மரமும் அழியும். உறுதிக்கும் எல்லை உண்டு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலே, பனைக்கு இனமான தென்னைகள் பெருந்தொகையாய்ச் சாய்ந்தமை இதனை உணர்த்தும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. குடாநாட்டிற் பனைகள் பெருமளவில் அழிந்தது காற்றினால் அன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக அவை தறிக்கப்பட்டன. எறிகணை பட்டுத் தலையிழந்து நின்றனவும் உள. காற்றுக்கு நோக்கமில்லை, கோடரிக்குப் பின்னே ஒரு கையும், அக்கைக்குப் பின்னே ஒரு தீர்மானமும் உண்டு. பிள்ளைகளின் உயிர்காக்கத் தறித்தவரும் இருந்தனரே எனின், மெய்யே. அவரை அந்நிலைக்குத் தள்ளியதும் மனிதர்தம் தீர்மானமே.

புயலைப் பொறுத்தல் விவேகம். அதனிடம் நியாயம் கேட்க இயலாது. மனிதர் விளைத்த கேட்டையும் புயலெனக் கருதிப் பொறுக்குமாறு பிறர்க்கு உபதேசித்தலோ, கேடு செய்தவனைப் பொறுப்பினின்று விடுவிப்பதாகும். தன் துன்பத்தைத் தாங்குபவன் போற்றற்குரியவன். பிறன் பொறுமையைப் போற்றிவிட்டு வாளாவிருப்பவனுக்கு அப்பெருமையிற் பங்கில்லை.

அங்ஙனமாயின் பனையிடம் கற்பதற்கு யாதுமில்லையோ? உண்டு. பனை பயன்தரப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். முதுமையிலே பனங்கொட்டை புதைப்பவர் அதன் பழத்தை உண்ணப்போவதில்லை என்பதை அறிந்தே புதைக்கின்றார். வேலியோரத்து வடலி ஒவ்வொன்றும் அத்தகைய ஒருவரின் காத்திருப்புக்குச் சான்று. அப்பொறுமை எவராலும் சுமத்தப்பட்டதன்று, விரும்பி ஏற்றது. பிறரிடம் நாம் கேட்கத்தக்க பொறுமை அஃதொன்றே. அதனையும், நம் கையால் ஒரு விதையேனும் ஊன்றிய பின்னரே கேட்டல் தகும்.