முடங்கிய கைக்கும் அமல் உண்டு

 



பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்த ஒருவராவது நம் சொந்தத்திலோ தெருவிலோ இருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் மகன் சட்டை போட்டுவிடுகிறான், மகள் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள், பேரன் தண்ணீரை வாயருகே கொண்டுவருகிறான். பெற்றோருக்குச் செய்யும் கித்மத்துக்குப் பெரும் நன்மை உண்டு. ஆனால் அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறதே!

அல்கியாமா சூராவின் 4-வது வசனத்தில், விரல் நுனிகளையும் சீராக அமைக்கும் ஆற்றல் தனக்கு உண்டு என்கிறான் அல்லாஹ். ஒரு பொத்தானைப் போட முடியாமல் தவிக்கும்போதுதான் அந்த நிஃமத்தின் அருமை நமக்குப் புரிகிறது.

நோய் எங்கே இருக்கிறது?

கையில் இல்லை, மூளையில் இருக்கிறது. கையை அசைக்கும் கட்டளை வரும் வழி அங்கே சேதமாகியிருக்கிறது. ஆனால் மீதமுள்ள பகுதிகளைக் கொண்டு புது வழி அமைத்துக்கொள்ளும் தன்மையையும் மூளைக்குள் அல்லாஹ் வைத்திருக்கிறான். ஒற்றையடிப் பாதை எப்படி உண்டாகிறது? நடக்க நடக்கத்தான். கையும் அப்படித்தான். பயன்படுத்தாமலே விட்டால், பயன்படுத்தாமையே பழகிவிடும்.

இதை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் எட்வர்ட் டாப். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையையே வேலை செய்ய வைக்கும் பயிற்சியை அவர் உருவாக்கினார். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேர் கலந்துகொண்டார்கள். 2 வாரம் இப்படிப் பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறியது. ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நீடித்தது. மணிக்கட்டும் விரலும் ஓரளவு அசைபவர்களுக்கே இந்தமுறை பொருந்தும். பிசியோதெரபிஸ்டைக் கேட்டே செய்ய வேண்டும்.

பொறுமை என்பது சும்மா இருப்பதல்ல

நோயுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி என்ன? நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்து (புகாரி). முடியாததற்குச் சலுகை தந்த மார்க்கம், முடிந்ததை விட்டுவிடச் சொல்லவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியதும் அதே நபிதான். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று கற்றுத் தந்ததும் அவர்கள்தான்.

நோயாளிச் சகோதரரே! தஸ்பீஹை விரல்களால் எண்ணுங்கள், மறுமையில் அவை பேச வைக்கப்படும் என்பது நபிமொழி. பலவீனமான கையின் விரலை ஒவ்வொன்றாக மடக்கி, ஸுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள். திக்ரும் ஆகும், பயிற்சியும் ஆகும். கை தேறும்வரை இடக்கையால் சாப்பிட்டால் குற்றமில்லை. தக்பீருக்கு உயர்த்த முடிந்த அளவு உயர்த்துங்கள். ஒளூவுக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றலாம். நபியவர்களுக்கே முஃகீரா (ரலி) ஊற்றியிருக்கிறார்கள்.

குடும்பத்தாரே! பொறுமை உங்களுக்கும்தான் கடமை. அத்தா டம்ளரைப் பிடிக்க ஐந்து நிமிடம் ஆகிறதா? ஆகட்டும். தண்ணீர் சிந்துகிறதா? துடைத்துக்கொள்ளலாம். அவர் செய்து முடிக்கும்வரை பக்கத்தில் காத்திருப்பதும் கித்மத்துதான். ஆனால் தூக்கிவிடும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு கெட்டுவிடும்.

எல்லாக் கையும் முழுமையாகத் திரும்பும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. ஷிஃபா அல்லாஹ்வின் கையில். முயற்சி நம்மிடம் கேட்கப்படும். விரல் அசைந்தாலும் அசையாவிட்டாலும், அசைக்க முயன்ற அடியானின் கூலியை ரப்பு வீணாக்க மாட்டான்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்குச் சலிக்காத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.