கேட்டபின் மறுப்பது அறமன்று

தென்பசிபிக்கில் பப்புவா நியூ கினியின் ஆட்சிக்கு உட்பட்டது பூகன்வில் தீவு. 2019 இறுதியில் அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த 1,81,067 பேரில் 1,76,928 பேர் தனிநாடே வேண்டும் என்றனர். கூடுதல் தன்னாட்சி போதும் என்றவர்கள் 3,043 பேர்தான். ஒப்புதல் தரவேண்டிய பப்புவா நியூ கினி நாடாளுமன்றம் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்க, பொறுமையிழந்த தீவின் தலைவர்கள் 2027 செப்டம்பர் 1-ஐ விடுதலை நாளாகக் குறித்துவிட்டார்கள். குடிமக்களின் விருப்பத்தைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை மறுக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டா? சட்டம் உண்டு என்கிறது. அறம் இல்லை என்கிறது. இரண்டும் முரணும்போது அறத்தின் பக்கம் நிற்பதே மானுடக் கடமை.

இந்தப் பிரிவினைக் கோரிக்கை வெறும் இனப்பெருமையில் பிறந்ததன்று. 1972-இல் தீவின் பங்குனா என்னும் இடத்தில் மாபெரும் செப்புச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. ரியோ டின்டோ குழுமத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தச் சுரங்கம், 1975-இல் விடுதலை பெற்ற பப்புவா நியூ கினியின் கருவூலத்தை நிரப்பியது. மண்ணின் மைந்தர்களுக்குக் கிடைத்ததோ சிறு துளி. சுரங்கக் கழிவு 100 கோடி டன்னுக்கும் மேல் ஆறுகளில் கொட்டப்பட்டது. 1988-இல் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. படை வந்தது, முற்றுகை வந்தது, மருந்துகூட உள்ளே போக முடியவில்லை. இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத தீவில், பத்தாண்டுப் போரில் மாண்டவர்கள் 20,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

ஆட்சியின் தகுதியை நம் முன்னோர் எதைக்கொண்டு அளந்தார்கள்? அதிகாரக் கோலைக் காட்டிப் பொருள் பறிப்பவனை, வேலேந்தி வழிமறிக்கும் கள்வனோடு சேர்த்தே எண்ணினார் வள்ளுவர். அல்லற்பட்டவர் அழுத கண்ணீர் அரசின் செல்வத்தையே தேய்த்துவிடும் என்றும் எச்சரித்தார். விளைநிலத்தில் யானை தானே புகுந்தால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என்று, வரி கொள்ளும் முறையைப் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உணர்த்தினார் பிசிராந்தையார். பங்குனாவில் நடந்தது அதுவே. தன் தீர்ப்பு பிழை என்றறிந்த கணமே உயிர்விட்ட நெடுஞ்செழியனைச் சிலம்பு காட்டுகிறது. இங்கோ இத்தனை உயிர்களுக்குப் பின்னும் அரசுக்குத் தயக்கம் தீரவில்லை.

வாய்மையின் தட்டிலும் தீவின் பக்கமே கனக்கிறது. 2001-இல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளர்ச்சியாளர் ஆயுதங்களை ஒப்படைப்பது, தீவுக்குத் தன்னாட்சி, பின்னர் பொதுவாக்கெடுப்பு என்பவை அதன் தூண்கள். தீவினர் தம் பங்கை நிறைவேற்றினர்; கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் காத்திருந்து, அமைதியாக வாக்குச்சாவடிக்குச் சென்றனர். முடிவை இறுதி செய்வது நாடாளுமன்றம்தான் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறதே என வாதிடுவோர் உண்டு. அந்த நிபந்தனை இருதரப்பும் கலந்துபேசிப் பிரிவின் வழிமுறைகளை ஒழுங்குசெய்யப் பயன்படட்டும். மக்களின் சொல்லைப் புதைக்க அதைக் குழியாக்கலாகாது. செல்லாது என்று ஒதுக்குவதற்காக ஒருவரின் கருத்தைக் கேட்பது வஞ்சகம்.

எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு பப்புவா நியூ கினி. ஒரு தீவை விட்டால் மற்ற மாநிலங்களும் கிளம்பும் என்னும் அச்சம் பொய்யன்று. ஒற்றுமையும் ஓர் அறமே. ஆனால் அன்பாலும் நீதியாலும் கட்டப்படாத ஒற்றுமை, சிறைக்கு இட்ட செல்லப்பெயர். மற்ற மாநிலங்கள் பிரியாதிருக்க வேண்டுமானால் அவற்றை நேர்மையாக நடத்துவதே வழி. பூகன்வில்லைப் பிடித்துவைப்பது ஆகாது.

தீவின் தலைவர்களுக்கும் அறம் ஒன்று சொல்லும். பங்குனாவை மீண்டும் திறந்து புதிய நாட்டுக்குப் பொருள் தேடலாம் என்ற எண்ணம் அங்கே வலுத்திருக்கிறது. கொடி மாறியும் ஆறு அதே நஞ்சைச் சுமந்தால் விடுதலைக்குப் பொருளில்லை. ஆயினும் அந்தத் தவற்றைச் செய்வதும் தவிர்ப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்கள் தவறக்கூடும் என்பதைக் காட்டி உரிமையைப் பறிக்க எவருக்கும் தகுதியில்லை. ஆள்வோரே, கொடுத்த சொல்லைக் காத்துப் பிரிந்தால் நல்ல அண்டைநாடு கிடைக்கும். சொல்லை விழுங்கிச் சேர்த்துவைத்தால் பகையே மிஞ்சும்.