உள்ளத்தினுள்ளும் அகிம்சை

சினம் மீறியவரைக் கண்டு, "அவர் தம் வசத்தில் இல்லை" என்கிறோம். அவ்வாறாயின் அப்பொழுது அவர் யார் வசத்தில் இருந்தார்? உள்ளம் ஒன்றா, பலவா? அறநூல் கற்போரும் மனநல மருத்துவரும் ஒருசேர எழுப்பும் வினா இது.

அமெரிக்கக் குடும்பநல ஆலோசகர் ரிச்சர்ட் சுவார்ட்ஸ் 1980-களில் உணவுப் பழக்கக் கோளாறுற்றோருக்குச் சிகிச்சை அளித்து வந்தார். "என்னில் ஒரு பகுதி உண் என்கிறது, மற்றொரு பகுதி இகழ்கிறது" என்று அவர்கள் கூறக் கேட்டு, உள்ளத்தையே ஒரு குடும்பமாகக் கொண்டு ஒரு முறையை வகுத்தார். பழைய துயரைச் சுமக்கும் பகுதிகள் ஒதுக்கி அடைக்கப்படுகின்றன. அவை வெளிப்படாதபடி சில பகுதிகள் முன்கூட்டியே காவல் காக்கின்றன. துயர் பொங்கினால் வேறு சில தீயணைப்போர்போல் பாய்கின்றன. எப்பகுதியும் இயல்பில் தீயதன்று என்பது அவர் கொள்கை.

சான்றாக, நம் சேவூரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செல்லும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். மேற்பார்வையாளர் குரலுயர்த்தியதும் அவள் கை நடுங்குகிறது. இளமையில் தந்தையின் அடிக்கு அஞ்சிய சிறுமி அவளுள் இன்னும் இருக்கிறாள். மாலையில் வீடு திரும்பியதும் தன் குழந்தையிடம் எரிந்து விழுகிறாள். அச்சினம் அச்சிறுமிக்குக் காவலாக நிற்பது. வகுப்பில் கடைசி வரிசைக்கு ஒதுக்கப்பட்ட மாணவன் ஓசையெழுப்பியே தன் இருப்பை உணர்த்துவான். உள்ளத்தில் ஒதுக்கப்பட்டதும் அவ்வாறே.

இங்கு ஓர் ஐயம் எழும். குரோதம், மானம், மாயை, லோபம் ஆகிய கஷாயங்களை வெல்லுக என்பதே ஜினர் அறம். சினத்திற்கு நல்லெண்ணம் கற்பிப்பது அதற்குச் சலுகை தருவதாகாதா? ஆகாது. சினத்தின்மீது சினங்கொள்வதும் சினமே. எவ்வுயிரையும் வருத்தாதிருக்க நோன்பு பூண்ட நாம், நம் உள்ளத்தை மட்டும் வெறுத்து ஒடுக்கலாமோ? ஆயினும், காவலனின் காரணம் விளங்கியதால் அவன் அடித்த அடி இல்லாமற் போய்விடாது. அந்தத் தாய் தன்னுள் அழும் சிறுமியைத் தேற்றவும் வேண்டும். தன் குழந்தையிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். முன்னது கருணை, பின்னது பிரதிக்கிரமணம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பொன்னூர் மலையோடு நாம் இணைத்துப் போற்றும் குந்தகுந்தாச்சாரியார் ஆன்மாவைப் பகிராத்மா, அந்தராத்மா, பரமாத்மா என மூன்று நிலையாக உரைத்தார். உடலையும் உணர்ச்சியையும் "நான்" என மயங்குவது முதல் நிலை. அவற்றினின்று தன்னை வேறாக அறிவது இரண்டாம் நிலை. "நான் சினம்" என்னாது "என்னில் சினம் எழுகிறது" என்று காணுமளவில் சுவார்ட்ஸின் முறை இதனை நெருங்குகிறது. எனினும் அவர் நாடியது நோய் நீக்கம். ஆச்சாரியார் காட்டியது வீடுபேறு. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது.

இம்முறைக்கு ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவே. சிறுவயதில் பல கொடுமைகளுக்கு ஆளானோரிடம் நிகழ்த்தி 2021-இல் வெளியான ஆய்வு நற்பயன் காட்டியது. ஆனால் அதில் பங்கேற்றோர் 17 பேரே. ஆழ்ந்த புண்ணைப் பயிற்சியற்றோர் கிளறுதல் ஊறு செய்யும். நாட்டில் 2022 முதல் இயங்கும் டெலிமானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். உடற்பிணிக்கு மருத்துவரை நாடுவோர் மனப்பிணிக்கு நாடுவதில் இழுக்கேதுமில்லை.

அன்புடையீர், அடுத்த முறை சினம் எழும்போது, "நீ யாரைக் காக்க வந்தாய்?" என்று ஒருகணம் உள்நோக்கிக் கேளுங்கள். கேட்கும் அக்கணத்தில் கை ஓங்காது.

அறம் வெல்க!