கூடையை இறக்கி வை

ஊரே எரியும்போது உனக்கென்ன ஓய்வு? இயக்கத்தில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியால் நம்மையே அடித்துக்கொண்டவர்கள்தான்.

1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் என் தாத்தா பாட்டி. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் எங்கள் பிழைப்பு. அம்மாவுக்குத் தீராத இடுப்பு வலி. "உக்காந்தா எடை குறையும், எடை குறைஞ்சா கூலி குறையும்" என்பாள். தன் உடம்பைக் கிலோக் கணக்கில்தான் அவளுக்குத் தெரியும்.

லைன் வீட்டு இரவு வகுப்புக்கு 'பீமாயணம்' கொண்டுபோனேன். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்து 2011இல் வந்த அம்பேத்கர் சித்திரக்கதை. அவர்கள் படங்களைக் கட்டங்களுக்குள் அடைக்கவில்லை. சாதித்திமிர்ப் பேச்சுக்குத் தேள்கொடுக்கு, நம்ம சனங்க பேச்சுக்குப் பறவை உருவம். தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் பீமைப் பார்த்து அம்மா சொன்னாள்: "பாவம், புள்ளைக்குத் தாகம்."

"உனக்கு?" என்றேன். பேசவில்லை. மறுநாள் அடுப்புக்கரியால் சுவரில் ஒரு பொம்பளையை வரைந்திருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். "யாரும்மா?" "நாந்தான்."

படம் கூலியை உயர்த்தாதுதான். ஆனால், வலிக்குது என்று சொல்லத் தெரியாத உடம்பு எதைக் கேட்டுப் போராடும்? 1927இல் மகாட் குளத்தில் பாபாசாகேப் அள்ளிக் குடித்தது ஒரு கை தண்ணீர். தாகம் தீர்ப்பதே அங்கே போராட்டம்.

தோழர்களே, நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.